கியூபெக்குக்கு நேரே வெறும் கட்டம்

மொன்றியல் தமிழர்கள் சிவமலரைத் தேடிப் போவதற்கு இரண்டு காரணங்கள்தான் உண்டு. பொதி எல்லையில் மாட்டுப்பட்டிருக்க வேண்டும், அல்லது மாட்டுப்படாமல் இருக்க வழி வேண்டும். புவாண்ட்-கிளேரில் ஒரு சுங்கத் தரகர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக இறக்குமதிப் பத்திரம் நிரப்புகிறவர் அவர். மெக்சிக்கோ மாம்பழத்துக்கு எந்த இலக்கம், அதே மாம்பழம் காய்ந்து வற்றலாக வந்தால் எந்த இலக்கம் என்று கேட்ட மாத்திரத்தில் சொல்லுவார். மாம்பழம் நல்லதா என்று கேட்டால் மட்டும் தெரியாது.

அவர் பழகி வந்த உத்தியோகத்துக்கு ஒரு முறை இருந்தது. அந்த அலுவலகத்துத் தாள்களில் எல்லாக் கட்டத்தையும் நிரப்ப மாட்டார்கள். தடை உள்ள இடத்தில் மட்டும் எழுதுவார்கள். வெறும் கட்டம் என்றால் பிரச்சினை இல்லை, பொருள் போகலாம். பொதி அனுப்பும் உறவினர் எல்லாருக்கும் இதை அவர் வருடக்கணக்காகச் சொல்லிக் கொடுத்திருந்தார். "ஒண்டும் எழுதாட்டிப் பயப்படாதேங்கோ. வெறுமையா இருந்தா ஓம் எண்டு அர்த்தம்."

எது எங்கே செல்லும் என்ற கேள்வி அவருக்கு உத்தியோகத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. தொண்ணூற்று மூன்றில் அகதியாக வந்து இறங்கியபோது கையில் ஒரு கணித ஆசிரியைச் சான்றிதழ் இருந்தது. அதை ஓர் அலுவலகத்தில் கொடுத்தார். சான்றிதழ் உண்மையானது, பயிற்சி தரமானது, ஆனால் இங்கே செல்லாது என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி அனுப்பினார்கள். அவருடைய கணவர் உருத்திரமூர்த்தி துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டியவர். அவருடைய இலங்கை லைசென்ஸ் இங்கே பக்கத்துத் தெருவுக்கும் உதவவில்லை. கியூபெக்கில் எடுத்த லைசென்ஸோ டெக்சாஸ் வரை ஓடியது. அப்படி ஓடிய மனிதருக்கு ஒருமுறை பக்கத்து மாகாணத்து ஸ்காபரோவில் வயிற்றுவலி வந்தது. சூரியன் படம் போட்ட கியூபெக் மருத்துவ அட்டையை நீட்டினார். கிளினிக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் காசு கேட்டார்கள். ஒரே நாடு, கார் ஓட்டம் ஐந்தரை மணித்தியாலம், ஆனாலும் அந்தச் சூரியன் அங்கே உதிக்கவில்லை.

உருத்திரமூர்த்தி மாரடைப்பில் போய் ஆறு வருடம். அதனால்தான் இந்தக் கதையில் அண்ணன் வருகிறார்.

மகள் வினோஜாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மாதவ், தமிழ்நாட்டுக் குடும்பம், தாயார் அனுசூயா பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். லவாலில் மண்டபம், ஞாயிறு காலை முகூர்த்தம். சிவமலருக்குத் தெரிந்த முறைப்படி தாரை வார்ப்பதற்கு ஒரு தம்பதி வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமனும் மாமியும்தான். சிவமலருக்கு இருப்பது ஒரேயொரு அண்ணன், ஞானேந்திரன். அமெரிக்காவில், ஜோர்ஜியா மாநிலத்து மேக்கன் என்ற ஊரில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். அவர் வராவிட்டால் மணவறையில் பெண் கொடுக்க ஆளில்லை. முந்நூறு பேர் பார்த்திருக்க, தகப்பன் இல்லாத பிள்ளை என்பதைக் கட்டியம் கூறியது போல ஆகிவிடும். அது மட்டும் நடக்கக் கூடாது என்று சிவமலர் நினைத்திருந்தார். மற்ற எல்லாம், பூ வாடினாலும் சாம்பார் புளித்தாலும், அவருக்குப் பரவாயில்லை.

ஞானேந்திரனைப் பற்றிச் சொல்வதென்றால், துவக்குகளுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடியவர். ஓடிய இடத்தில் ஒன்பது வருடத்துக்கு முன் கடைக்குள் ஒருவன் துவக்கோடு வந்தான். அன்று தொடங்கி அவர் துவக்கில்லாமல் பால் வாங்கவும் போவதில்லை. கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு திரிவதற்கு அனுமதிப் பத்திரமும் எடுத்திருந்தார். ஜோர்ஜியாவில் இப்போது அந்தப் பத்திரம் தேவையே இல்லை, இல்லாமலே திரியலாம். இருந்தும் ஆட்கள் எடுக்கிறார்கள், மற்ற மாநிலங்கள் மதிக்க வேண்டும் என்பதற்காக. வீட்டில் தேவைப்படாமல் வெளியூரில் மட்டும் பெறுமதியுள்ள பத்திரம் அது. சிவமலரின் சான்றிதழுக்கு நேரெதிர்.

கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் அவர் எடுத்த தொலைபேசி அழைப்பில்தான் குழப்பம் முளைத்தது.

"மலர், நான் பிளேனிலை வரேல்லை. காரிலை வாறன். பிள்ளைக்கு நகை கொண்டு வாறன், வெறும் இடுப்போட ஆயிரத்து இருநூறு மைல் ஓட ஏலாது. என்ரை பெர்மிட் எந்தெந்த இடத்திலை செல்லும் எண்டு பாத்து ஒரு தாளிலை போட்டு அனுப்பு. நீதானே உந்த வேலை செய்யிறனீ."

"நான் செய்யிறது மாம்பழ வேலை அண்ணை."

"மாம்பழமும் எல்லை தாண்டுது, துவக்கும் எல்லை தாண்டுது. வித்தியாசம் என்ன?"

வித்தியாசத்தைச் சிவமலர் ஐந்து மதிய இடைவேளைகளில் படித்தார். பக்கத்து மேசையில் இருந்த சிசிலி, யாழ்ப்பாணத்துப் பாசையூர்ப் பெண், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். தென் கரோலைனா ஜோர்ஜியாப் பத்திரத்தை மதிக்கும், வட கரோலைனா எல்லாரையும் மதிக்கும், வேர்ஜினியாவும் அப்படியே. மேற்கு வேர்ஜினியா பத்திரமே கேட்காது. பிறகு அதே நெடுஞ்சாலை மேரிலாந்துக்குள் பன்னிரண்டு மைல் மட்டும் ஓடும். மேரிலாந்து ஒருவரையும் மதிக்காது. அந்தப் பன்னிரண்டு மைலுக்காக ஓரமாக நிறுத்தி, ரவைக் குண்டுகளைக் கழற்றி, பெட்டியில் போட்டுப் பூட்டி, டிக்கியில் வைத்து ஓட வேண்டும். பென்சில்வேனியா வந்ததும் திரும்ப எடுத்து இடுப்பில் செருகலாம். பென்சில்வேனியா சிலரை மதிக்கும், சிலரை மதிக்காது, ஜோர்ஜியாவோடு கோபமில்லை. நியூயோர்க் ஒருவரையும் மதிக்காது, திரும்பவும் டிக்கி. நியூயோர்க்குக்குப் பக்கத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் வெர்மொன்ட். அங்கே அனுமதி கொடுப்பதும் இல்லை, கேட்பதும் இல்லை.

"எங்கடை சனம் மாதிரியெல்லோ இருக்கு மலரக்கா," என்றாள் சிசிலி. "இவை அவையின்ரை வீட்டிலை தண்ணி குடிப்பினம், அவை இவையின்ரை வீட்டிலை குடிக்காயினம்."

சிவமலர் அழகாகத் தாள் போட்டார். இடது பக்கம் மாநிலங்கள், வலது பக்கம் கட்டங்கள். தடை உள்ள இடத்தில் சிவப்பில் எழுதினார்: "டிக்கி. பூட்டு. ரவை வேறாக." தடையில்லாத கட்டங்களைப் பழக்கப்படி வெறுமையாக விட்டார். பயணம் முடியும் இடம் என்பதால் கடைசி வரிசையில் கியூபெக் என்று எழுதினார். அதற்கு நேரே என்ன எழுதுவது? கனடாவுக்குள் கைத்துப்பாக்கி கொண்டு வரக்கூடாது என்பது மழையில் நின்றால் நனையும் என்பது போலத்தானே. அண்ணன் வழியில் யாரோ கூட்டாளி வீட்டில் விட்டுவிட்டு வருவார் என்று சிவமலர் தன் பாட்டுக்கு முடிவு செய்து, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போனார்.

கூடவே இரண்டாவது தாள் ஒன்றும் அனுப்பினார். கறிவேப்பிலை கூடாது, மாவிலை கூடாது, மண்ணோடு ஒரு செடியும் கூடாது. அது நிரம்பி வழிந்தது.

கலியாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு அவருடைய கைபேசி அடித்தது.

"மலர், சம்பிளேனுக்கு வந்திட்டம். எல்லைக்கு இன்னும் பத்து நிமிசம். புட்டுச் சாப்பிட்டிட்டு நிக்கிறம். நான் என்ன கேக்கிறனெண்டால், நியூயோர்க் முடியுது, இனிக் கியூபெக் தானே, பெட்டியைத் திறந்து இடுப்பிலை போடட்டோ, இல்லாட்டி எல்லை தாண்டினாப் பிறகு போடட்டோ?"

சிவமலர் கையில் இருந்த பேனையை மேசையில் வைத்தார். அது உருண்டு விழுந்தது. அவர் பார்க்கவில்லை.

"அண்ணை, நீங்கள் அதை இன்னும் வைச்சிருக்கிறியளோ?"

"வைச்சிருக்காமல்? உன்ரை தாளின்படிதான் வந்தனான். மேரிலாந்திலை நிப்பாட்டிப் பூட்டினனான். பென்சில்வேனியாவிலை எடுத்தனான். கியூபெக்குக்கு நேரை ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையெண்டால் கூடாது எண்டு அர்த்தம்!"

"வெறுமையா இருந்தா ஓம் எண்டு ஆர் சொன்னது? பதினைஞ்சு வருசமா அரிசிமாப் பொதிக்கும் மிளகாய்த்தூள் பொதிக்கும் நீதானே சொன்னனீ?"

 சொன்னது சிவமலர்தான். இதற்கு முன் அந்த முறை ஒருநாளும் பிழைத்ததில்லை.

பின்னால் அண்ணியின் குரல் கேட்டது. யோகராணி மெதுவாகப் பேசும் வழக்கம் இல்லாதவர். "உந்தச் சனியனை மேக்கனிலேயே விட்டிட்டு வாங்கோ எண்டு சொன்னனான். கேட்டாரே? மனிசி சொன்னாத் தாளிலை எழுதித் தா எண்டுவார்."

"எல்லைக்குப் போகாதேங்கோ," என்றார் சிவமலர். "போனால் பிடிச்சு வைப்பாங்கள். ஞாயிற்றுக்கிழமை தாரை வாக்க ஆள் இராது. அதிலேயே நில்லுங்கோ, பேந்து எடுக்கிறன்."

பிறகு அவர் சிசிலியைப் பார்த்தார். சிசிலி ஏற்கெனவே யோசனை சொல்லத் தொடங்கியிருந்தாள். ஏரிக்குள் எறியச் சொல்லுங்கோ. அது இன்னொரு குற்றம் என்றார் சிவமலர். அங்கே ஒரு மோட்டலில் விட்டிட்டு வரட்டும். நியூயோர்க்கில் அவருடைய பத்திரம் செல்லாது. அப்ப பொலிசிலை குடுக்கட்டும். குடுத்தால் திரும்ப வருமோ, வராதோ, கேள்வி கேட்பார்களோ, ஒருவருக்கும் தெரியாது.

சிவமலர் கணினியில் தேடத் தேட நிலைமை இன்னும் சிக்கலானது. டிக்கியில் பூட்டி வைத்துக்கொண்டு நியூயோர்க்கைக் கடக்கலாம் என்ற சலுகை, துவக்கு வைத்திருக்க உரிமையுள்ள ஓர் இடத்திலிருந்து அதே உரிமையுள்ள இன்னோர் இடத்துக்குப் போகிறவருக்குத்தான். கனடாவுக்குப் போகிறவருக்கு இல்லை. அப்படியென்றால், பூட்டிய பெட்டியோடு புட்டுச் சாப்பிட்டுக்கொண்டு நிற்கும் அண்ணன் இந்த நிமிடம் குற்றவாளியா இல்லையா என்பது, அவர் எங்கே போகிறார் என்பதில் தங்கியிருந்தது.

மறுபடி அண்ணனை அழைத்தார். "அண்ணை, கவனமாக் கேளுங்கோ. ஆராவது கேட்டால் நீங்கள் வெர்மொன்டுக்குப் போறியள்."

"நான் கலியாணத்துக்கெல்லோ போறன்?"

"கலியாணத்துக்குப் போனாக் குற்றம். வெர்மொன்டுக்குப் போனாக் குற்றமில்லை."

"விசரே உனக்கு?"

"எனக்கில்லை, சட்டத்துக்கு. பொய் சொல்லச் சொல்லேல்லை, மெய்யாவே போங்கோ. அதிலையிருந்து ஏரிக்குப் பாலம் இருக்கு. தாண்டினால் வெர்மொன்ட். அங்கை ஒரு துவக்குக் கடை, கனடாவுக்கு வாற ஆக்களின்ரை சாமானை வாங்கி வைச்சு ரசீதுத் துண்டு குடுக்கிறவன். நான் இப்பக் கதைச்சனான். ஐஞ்சு மணிக்குப் பூட்டுவான். இப்ப வெளிக்கிட்டா ஒரு மணித்தியாலம்."

உண்மையில் கடைக்காரரோடு பேசிய பேச்சை அவர் நினைக்க விரும்பவில்லை. பதற்றத்தில் "போன்ஜூர்" என்று தொடங்கி, தன் அண்ணனின் துவக்கைப் பற்றி ஒரு அந்நியரிடம் ஆங்கிலத்தில் விளக்கி, "மெர்சி" என்று முடித்திருந்தார். கடைக்காரர் கலியாணத்துக்கு வாழ்த்துச் சொன்னார்.

 மறுமுனையில் ஞானேந்திரன் வேறு குரலில் பேசினார்.

"இல்லைப் பிள்ளை. ஆரெண்டு தெரியாதவனிட்டை அதைக் குடுத்திட்டு வெறும் இடுப்போட வர என்னாலை ஏலாது. ஒன்பது வருசம். அது இல்லாட்டி எனக்கு நடக்க வராது."

"மண்டபத்திலை முந்நூறு பேர் அண்ணை. ஒருத்தரிட்டையும் துவக்கில்லை. எல்லாரும் பயமில்லாமச் சோறு தின்னுவினம்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றார் அவர். சிரிக்கவில்லை. "நான் யோசிக்க வேணும். தேவையெண்டாத் திரும்பிப் போறம். வேறை ஆரும் செய்ய ஏலாதோ?"

"வேறை ஆர் இருக்கினம்?" என்று கேட்டுவிட்டுச் சிவமலர் தொடர்பைத் துண்டித்தார். இன்னும் ஒரு சொல் பேசினால் அழுதுவிடுவார் என்று பட்டது. அலுவலகத்தில் அவர் அழுவதில்லை.

சம்பந்தி அம்மாவுக்கு அறிவித்துவிடுவது மரியாதை. அனுசூயாவை அழைத்து, அண்ணன் வருவதில் ஏதோ பத்திரச் சிக்கல், ஒருவேளை வராமலும் போகலாம் என்றார். எந்தப் பத்திரம் என்று சொல்லவில்லை.

"அடடா, அவருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார் அனுசூயா. "சரி, அதுக்கு ஏங்க இவ்ளோ டென்ஷன்? நீங்களே தாரை வார்த்துக் குடுங்களேன்."

"நானோ? நான்... அவர் இல்லாமல், நான் தனியவோ?"

"ஏன், என்ன இப்போ? எங்க அண்ணன் போனதுக்கப்புறம் அண்ணிதான் பொண்ணைக் குடுத்தாங்க. சாஸ்திரிகளும் ஒண்ணும் சொல்லல. பெத்தவங்க நீங்க, உங்களை விட யாருக்குங்க உரிமை? எங்க பக்கத்துல யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டாங்க, அதுக்கு நான் கேரண்டி."

சிவமலர் நன்றி சொல்லி வைத்தார். வைத்த பிறகும் கைபேசியைக் காதில் பிடித்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதமாக எந்த விதியை மதித்து அவர் நித்திரை கெட்டாரோ, அந்த விதி சம்பந்தி வீட்டில் செல்லாதாம். அதுவும் அவருக்குச் சாதகமாகச் செல்லாதாம். இப்படியொரு செல்லாமையை அவர் வாழ்க்கையில் கண்டதில்லை. சந்தோசப்படுவதா, கோபப்படுவதா என்று விளங்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிச் செய்து பார்த்தார்.

இப்போது அண்ணனுக்குச் சொல்ல வேண்டும். வேறு ஆரும் செய்ய ஏலாதோ என்று கேட்டாரே, ஏலும், நான் செய்யலாமாம் என்று.

சொன்னால் என்ன நடக்கும் என்று சிவமலருக்குத் தெரியும். அண்ணன் பெருமூச்சு விட்டு, வாழ்த்துச் சொல்லி, நகையைத் தபாலில் அனுப்புகிறேன் என்று காரைத் திருப்புவார். துவக்கை அவர் கைவிடுவதென்றால், அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது என்ற நினைப்பு ஒன்றினால்தான் கைவிடுவார். அந்த நினைப்பு இப்போது பொய். அதைக் கழற்றி எடுத்தால் மணவறையில் அண்ணன் இருக்க மாட்டார். தாரை வார்க்க அவர் தேவையில்லைத்தான். அவர் தேவையில்லையா?

இருபத்திரண்டு வருடம் மற்றவர்களைப் பார்த்து, எல்லாவற்றையும் சொல்லுங்கோ, சொல்லாததுதான் குற்றம் என்று படிப்பித்தவர், கைபேசியை எடுத்து அண்ணிக்கு ஒரு வரி அனுப்பினார்: "கடை ஐந்து மணிக்குப் பூட்டும்." மற்றதை எழுதவில்லை.

பதினொரு நிமிடம் கழித்து யோகராணியின் பதில் வந்தது. எழுத்தில் இல்லை, குரலில். "கார்த் திறப்பு என்ரை கையிலை மச்சாள். நான்தான் ஓடுறன். இவர் பக்கத்திலை இருந்து முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். பாலத்திலை ஏறிட்டம்."

பின்னணியில் ஞானேந்திரன், "ஆறுதலா ஓடு, அவசரப்படாதை" என்பது கேட்டது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது வெள்ளி மாலை ஏழு மணி. வெர்மொன்ட் பக்கத்து எல்லையில் துவக்கு இருக்கா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லி, கேட்காமலே கடைத் துண்டை எடுத்து நீட்டியிருக்கிறார் ஞானேந்திரன். இல்லாத துவக்குக்குத் துண்டு காட்டுகிறவரைச் சும்மா விட முடியுமா? காரை ஓரங்கட்டி ஒன்றரை மணித்தியாலம் குடைந்தார்கள். துவக்கு அகப்படவில்லை. ஒரு பை கறிவேப்பிலையும் வாசலில் தூக்க என்று புளோரிடாவிலிருந்து எடுப்பித்த இரண்டு கட்டு மாவிலையும் அகப்பட்டன. பறித்துக்கொண்டு விட்டார்கள்.

"ரண்டாவது தாளிலை எழுதியிருந்தனே அண்ணை!"

"அது முழுக்க எழுத்தாக் கிடந்தது. ஆர் வாசிக்கிறது?"

எழுதியதை அவர் வாசிக்கவில்லை. எழுதாததை மட்டும் வரிவரியாக வாசித்திருந்தார்.

ஞாயிறு காலை லவால் மண்டபத்தில் ஞானேந்திரன் பட்டு வேட்டியோடு நடந்தார். வலது கை அடிக்கடி இடுப்புக்குப் போய், வேட்டி மடிப்பைத் தடவிவிட்டு வெறுமையாகத் திரும்பியது. பார்த்தவர்கள் வேட்டி பழக்கமில்லை என்று நினைத்தார்கள். கண் இரண்டு முறை கதவுப் பக்கம் போனது. மற்றபடி நடந்தார்.

தாரை வார்க்கும் நேரம். ஞானேந்திரன் வினோஜாவின் கையைப் பிடித்திருக்க, யோகராணி செம்பைத் தூக்கினார். சிவமலர் மணவறைக்குக் கீழே, தூண் ஓரமாக, தான் நிற்க வேண்டும் என்று நினைத்த இடத்தில் நின்றார். பக்கத்தில் வந்த அனுசூயா மணவறைக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"என்னங்க நீங்க இங்க நிக்கிறீங்க? வெள்ளிக்கிழமையே சொன்னேனே, நீங்களே குடுக்கலாம்னு!"

ஐயர் மந்திரத்தை நிறுத்தவில்லை. ஞானேந்திரன்தான் நிறுத்தினார், மூச்சை. வினோஜாவின் கையை விடாமல் தலையை மட்டும் திருப்பித் தங்கையைப் பார்த்தார். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. வெள்ளிக்கிழமை. எத்தனை மணிக்கு?

"இதையும் வெறுமையா விட்டனியோ?" என்றார்.

"ஓம் அண்ணை."

"சொல்லியிருந்தா நான் துவக்கோட மேக்கனுக்குத் திரும்பியிருப்பன்."

"அதுதான் சொல்லேல்லை."

யோகராணி கணவருடைய முகத்தையும் மச்சாளுடைய முகத்தையும் பார்த்தார். பாலத்தில் ஏறியது போலவே இதிலும் அவர் ஆரையும் கேட்கவில்லை. செம்போடு குனிந்து, "மேலை வாங்கோ மச்சாள், கெதியா, நேரம் போகுது," என்றார்.

சிவமலர் ஏறினார். யோகராணியோடு சேர்ந்து செம்பைப் பிடித்தார். ஞானேந்திரன் தன் வலது கையை, இரண்டு நாளாக என்ன செய்வதென்று தெரியாமல் அலைந்த அந்தக் கையை, செம்புக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். தண்ணீர் விழுந்தது.

"மலர்," என்றார் மெதுவாக, மந்திரத்துக்கு நடுவில். "திரும்பிப் போறதுக்கும் ஒரு தாள் போட்டுத் தா. ஒரு கட்டமும் மிச்சம் விடாமல்."